நாலு பேருக்கு ஒரு பூட்டு

இது நடந்தது. கதை கட்டுகிறான் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருந்து கேட்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாரிசெல்வம் பயந்தாங்கொள்ளி கிடையாது. செகண்ட் ஷோ முடிந்து, சுடுகாட்டை ஒட்டிய குறுக்கு வழியில் தனியாக வந்து சேருகிற ஆள். அவனைப் பட்டப்பகலில் வியர்க்க வைத்த சங்கதி இது. அன்றைக்கு ராத்திரி ஒரு மனுஷனின் உயிர் அவனுடைய இரண்டு உள்ளங்கைகளில் இருந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே உள்ளங்கைகளில்தான்.

மாரிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு ஒரகடத்தில் கார்க் கதவு அடிக்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருந்தான். பிள்ளைப்பாக்கத்தில் பாப்பம்மாள் வீட்டு மாடியில் ரூம். அந்த ரூமில் ஒரே கட்டில், ஒரே தலையணை, ஒரே சாவி. ஆனால் ஆள் இரண்டு. மாரி நைட் ஷிஃப்ட் என்றால் பலராமன் டே ஷிஃப்ட். வாரா வாரம் மாறும். இவன் எழுந்த சூட்டில் அவர் படுப்பார். எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது மெஷின் பக்கத்திலேயே ரூம் சாவி கைமாறும். அவர்களைப் பொறுத்தவரை சாவி கைமாறினால்தான் ஷிஃப்ட் மாறியதாக அர்த்தம்.

பலராமன் செய்யாறுக்காரர். முப்பது தாண்டியவர். ஊரில் மனைவிக்கு ஏழாம் மாதம். அடுத்த ஞாயிறு வளைகாப்பு. அதற்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் ஒரு துணிப்பையில், கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கின. "உருண்டு படுக்கசொல்லோ கையை மேல தூக்காதடா" என்று தினமும் மாரியிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இரும்புத் தகட்டை அழுத்திக் கார்க் கதவாக்குகிற அந்த பிரஸ் மெஷின் ஒரு ரூம் அளவுக்குப் பெரியது. சுத்தம் செய்ய ஆள் உள்ளே போக வேண்டும். உள்ளே போகிறவன் வெளியே இருக்கும் கரண்ட் பெட்டியில் தன் பேர் எழுதிய சிவப்புப் பூட்டை மாட்டிவிட்டுப் போவான். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அது தொங்கும்வரை மெஷின் ஓடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெர்மனன்ட் ஆட்களுக்குத்தான் ஆளுக்கொரு பூட்டு. கான்ட்ராக்ட் பையன்களுக்கு நாலு பேருக்கு ஒரு பூட்டு, பேர் எழுதாதது. ஒருத்தன் மாட்டுவான், மற்ற மூன்று பேரும் அதை நம்பி உள்ளே போவார்கள். யார் முதலில் போட்டார்கள் இந்தக் கணக்கை என்று தெரியவில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம்.

மாரியின் சிநேகிதன் இசக்கியப்பன். வள்ளியூர்க்காரன். ஒரு வருஷம் இதே பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு மறைமலை நகருக்கு மாறிப் போனவன். அவன் தங்கச்சி சுகப்பிரியா இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலில் இருந்துகொண்டு செல்போன் பாகம் செய்கிற கம்பெனிக்குப் போகிறவள். மூவருக்கும் ஒரு பைத்தியம், கதை ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக இருப்பார்கள். "நான் கதவைத் திறக்கிறேன்" என்பாள் ஒருத்தி. திறந்ததா, கை மாட்டியதா என்று பகடை சொல்லும். இசக்கிதான் எப்போதும் கதைசொல்லி.

அவன் மறைமலை நகர் போனபின் மூவரும் ஒரே பாயில் உட்கார வழியில்லாமல் போயிற்று. அதனால் கம்ப்யூட்டரிலேயே விரிகிற ஆட்ட மேஜையைத் தேட ஆரம்பித்தார்கள். பிரவுசரில் லிங்கைத் திறந்தால் போதும், வரைபடம் வரும், ஆளுக்கொரு காய் வரும், பகடை உருளும், பேசினால் ஒருவருக்கொருவர் கேட்கும். முதலில் பார்த்தது எடுத்தவுடனே பேங்க் கார்டு நம்பர் கேட்டது. இரண்டாவதில் விமானம் ஓட்டுகிறவனுக்குக்கூட அத்தனை பட்டன் இருக்காது. மூன்றாவதைத் திறந்ததும் சுகப்பிரியாவின் போன் தோசைக்கல்லாகக் காய்ந்தது. நான்காவதாக ஒன்றைப் பிடித்தான் இசக்கி. கணக்கு வேண்டாம், காசு வேண்டாம், வெறும் லிங்க். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அதைச் சோதித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு.

அந்த வாரம் மாரிக்கு நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டும் என்பதால் ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. உள்ளே எப்போதும் இருட்டு. அன்றைக்கு அவனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. புரண்டான். எழுந்தான். தண்ணீர் குடித்தான். மறுபடி படுத்தான். கடைசியில் தூக்கத்தை விட்டுவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

மணி நாலு பத்து.

வரைபடம் விரிந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டான். கதைக்கு ராஜா கோட்டை ஒன்றை வரைந்து வைக்கச் சொன்னால், இசக்கி தாங்கள் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பையே வரைந்து வைத்திருந்தான். நடுவில் பெரிய சதுரம், அதுதான் மெஷின்.

"என்னலே இது? தூங்குத நேரத்துலயும் கம்பெனிக்குக் கூப்புடுதியா?"

"சோதனைக்குத்தானலே. கண்ண மூடிட்டு வரையத் தெரிஞ்சது இதுதான்" என்றான் இசக்கி.

படம் முழுக்கக் கறுப்பு. அவரவர் காயைச் சுற்றி மட்டும் விளக்கு வெளிச்சம். ஆடுகிறவர்களுக்குத் தங்கள் வெளிச்சம் பட்டது மட்டும் தெரியும். கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும். இடது ஓரத்தில் ஆடுகிறவர்களின் பேர்கள். இசக்கி, மாரி, சுகப்பிரியா.

அதற்குக் கீழே இன்னொரு வட்டம். பேர் இல்லை.

"நாலாவதா யார கூப்ட்டிருக்க?"

"யாரையும் கூப்பிடல. இங்க மூணுதான் தெரியுது."

லிங்க் பழசாக இருக்கும், எவனாவது வழிதவறி வந்திருப்பான் என்று மாரி விட்டுவிட்டான்.

சுகப்பிரியாதான் முதலில் சொன்னாள். "மாரிண்ணே, ஒங்க பக்கத்துல என்னமோ சத்தம் கேக்கு."

"என்ன சத்தம்?"

"வளையல் உரசுத மாதிரி."

மாரி நிமிர்ந்து பார்த்தான். துணிப்பை அசையாமல் தொங்கியது. இருந்தாலும் எழுந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"இப்ப?"

"கேக்கத்தான் செய்யுது. வளையல் இல்லண்ணே, இரும்பு. பூட்டத் தெறந்து தெறந்து மூடுத மாதிரி."

ரூமில் ஃபேன் சத்தம் தவிர ஒன்றுமில்லை. மாரி தன் மைக்கை அணைத்தான். இப்பவும் கேட்கிறதா என்று எழுதிக் கேட்டான்.

"எனக்கும் கேக்குலே" என்றான் இசக்கி. அவன் குரலில் கேலி இல்லை. "கிளிக்... கிளிக்குனு. ஒன் மைக்கு அணைஞ்சிதான கெடக்கு?"

அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்து பாப்பம்மாளின் குரல் வந்தது.

"மாரி... யாருப்பா அது மேல? ரொம்ப நேரமா உன் கதவாண்ட நின்னுக்கினு பூட்டை நோண்டிக்கினு கீறான். உள்ள வுடேம்பா."

மாரி போய்க் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை.

வெயில் மட்டும் அடித்தது. மாடிப்படி காலி. கதவுக் கொண்டியில் அவர்கள் ரூமின் பித்தளைப் பூட்டு வாய் திறந்து தொங்கியது. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது... காற்று ஒரு பொட்டுகூட இல்லை.

"போய்ட்டானாக்கா?"

"இப்பதான் உள்ள போனான் பாரு, நீ கதவைத் தொறந்தசொல்லோ" என்றாள் பாப்பம்மாள். பேசிக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மாரி திரும்பி வந்து உட்கார்ந்து மைக்கைப் போட்டான். இதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம். முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

"ஒரு ரவுண்டு போட்டுட்டு முடிச்சிருவோம்" என்றான் இசக்கி.

அந்த மேஜையில் ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லோரும் 'தயார்' பட்டனை அமுக்க வேண்டும். அப்போதுதான் ஆட்டம் நகரும். யாராவது இழுத்தடித்தால் கதைசொல்லி மட்டும் அதைத் தாண்டித் தள்ளிவிடலாம். மாரி தன் காயை நகர்த்தினான். வெளிச்சம் மெஷின் சதுரத்தின் மேல் விழுந்தது.

உள்ளே ஒரு காய் இருந்தது. சாம்பல் நிறம்.

"இசக்கி, மெசினுக்குள்ள எதுக்கு ஆள வச்சிருக்க?"

"அங்க ஒண்ணும் வைக்கலயே. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அங்க காலிதான்."

"எனக்குத் தெரியுதுலே."

"அண்ணே, வேண்டாம்ணே. நிறுத்துங்க" என்றாள் சுகப்பிரியா.

மூன்று பேரும் தயார். நான்காவது வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. திரையின் நடுவில் எழுத்து வந்தது. ஒருவருக்காகக் காத்திருக்கிறது.

பக்கத்தில் எழுதிப் பேசுகிற பெட்டியில் ஒரு வரி.

நான் உள்ள இருக்கேன்.

"இசக்கி, தள்ளிராதே..."

"மாட்டிக்கிட்டு நிக்குலே, அதான்..."

அமுக்கிவிட்டான்.

பீப்...

பீப்...

பீப்...

மாரிக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பிரஸ் இறங்குவதற்கு முன்னால் அடிக்கிற ஹாரன். மூன்று முறை அடித்துவிட்டு இறங்கும். லேப்டாப்பிலிருந்து வந்தது.

திரை கறுத்தது. கறுப்பில் ஒரே ஒரு வரி.

இந்தத் தடவையும் யாரும் உள்ள பாக்கல.

லேப்டாப்பை அறைந்து மூடினான். மணி நாலு நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு ரூமில் இருக்க முடியவில்லை. ஆறு மணிக்கே கிளம்பிவிட்டான். பித்தளைப் பூட்டைப் போட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனும் மாட்டினான். டீக்கடையில் இரண்டு டீ குடித்தான். ருசி தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் உட்கார மனமில்லாமல் நின்றுகொண்டே போனான். எட்டு மணிக்கு மெஷின் முன்னால் நின்றபோது கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

டே ஷிஃப்ட் பையன்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் பூட்டு எதுவும் தொங்கவில்லை. உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் பலராமன் சாவி வாங்க வரவில்லை.

"தமிழ்வாணன் சார், பலராமன் அண்ணன் எங்க?"

சூப்பர்வைசர் தமிழ்வாணன் உள்ளூர்க்காரர். கெட்டவர் இல்லை, டார்கெட் என்றால் மட்டும் தலைகால் புரியாது. "பஸ்ஸுக்கு ஓடிருப்பான்பா. பூட்டு இல்ல பாரு. ஸ்டார்ட் பண்ணு, காலைலேருந்து அறுபது பீஸ் பின்னாடி கீறோம்."

"சாவி வாங்கலயே சார்."

"சாவி கீவின்னுக்கினு... நாளைக்கு வாங்கிப்பான். அமுக்கு."

அந்த பிரஸ்ஸை ஓட்ட இரண்டு பட்டனையும் இரண்டு உள்ளங்கைகளால் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூன்றாவது ஹாரன் முடிந்ததும் இறங்கும். மாரி கைகளை வைத்தான். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

அழுத்தினான்.

பீப்...

சட்டைப்பையில் சாவி கனத்தது.

பீப்...

கிளிக்.

காதுக்குப் பக்கத்தில்.

கைகளை உதறி எடுத்தான்.

"இன்னாடா ஆச்சு?" தமிழ்வாணன் கத்தினார். மாரி மெஷினைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினான். பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அது திறந்திருந்தால் மெஷின் ஓடக்கூடாது. அவசரத்துக்கு யாரோ அதன் சென்சாரில் டேப் ஒட்டி ஏமாற்றி வைத்திருந்தார்கள்.

உள்ளே குனிந்து டார்ச் அடித்தான்.

இரும்பு அச்சுக்கு நடுவில் ஒரு முதுகு. காக்கிச் சட்டை.

"அண்ணே..."

பலராமன் திரும்பவில்லை. மாரி பாதி உடம்பை உள்ளே நுழைத்து, அவர் கையைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மறுபக்கம் யாரோ பிடித்திருப்பதைப் போல விறைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். சட்டென்று விடுபட்டு இருவரும் வெளியே வந்து விழுந்தார்கள்.

தமிழ்வாணன் ஓடி வந்து பார்த்தார். மெஷினை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். பூட்டு என்னவானது என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. நாலு பேரில் ஒருவன், எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று கழற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருந்தான். வழக்கம்தான்.

"நாலு வருசம் முன்னாடியும் இப்பிடித்தான்பா" என்றார் தமிழ்வாணன். "இதே பிரஸ்ஸு. சுடலைக்கண்ணுன்னு ஒர்த்தன், உங்க பக்கத்துப் பையன். கூட வந்தவன் பூட்டைக் கயட்டிக்கினு ஓடிட்டான். இவன் உள்ளயே கீறான். எவனும் பாக்கல, அமுக்கிட்டானுங்க. எனக்குன்னு ஒரு பூட்டு குடு சார், என் பேரு எழுதி குடு சார்னு கேட்டுக்கினே இருந்தான். மிஞ்சிப் போனா நூறு ரூபா ஆயிருக்கும்."

மாரி எழுந்தான். பலராமனை மெல்ல கேன்டீன் படிக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து, மெஷின் சத்தத்துக்கு வைத்திருந்த காதுப் பிளக்கில் ஒன்றை உருவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தான். அவர் வலது கை மூடியே இருந்தது.

"வேலைதான் முடிஞ்சிட்டே, எதுக்குண்ணே திரும்ப உள்ள போனீங்க?"

"கூப்ட்டான்டா."

"யாரு?"

"தெர்ல. நான் கை கழுவிக்கினு உன்னாண்ட சாவி வாங்க வந்துக்கினே இருந்தேன். நான் உள்ள இருக்கேன்னு ஒரு குரலு. நம்ம பையன் எவனோ மாட்டிக்கினான்னு போனேன். ஒண்ணும் தெர்ல, இருட்டு. ஒரு கை மட்டும் கெட்ச்சுது. அதைப் புடிச்சி இழுத்துக்கினே இருந்தேன்... அப்பதான் நீ வந்து இந்தக் கையைப் புடிச்சே."

"ரெண்டு காதுலயும் பிளக் வச்சிருந்தீங்களே. எப்படிண்ணே கேட்டுது?"

பலராமன் காதைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு காதில் பிளக் அப்படியே இருந்தது.

"நீ ரெண்டாவது வாட்டி இழுத்தசொல்லோ அவனாவே வுட்டுட்டான்டா. வுடும்போது என் கைல எதையோ வச்சி அமுக்குனான்."

மூடிய கையைத் திறந்தார்.

பித்தளைப் பூட்டு. மூடிய பூட்டு.

மாரி அதையே பார்த்தான். சாயங்காலம் இரண்டு முறை இழுத்துப் பார்த்த பூட்டு. பையின் பட்டனைக் கழற்றிச் சாவியை எடுத்தான். போட்டுத் திருப்பினான்.

கிளிக்.

பாப்பம்மாளுக்கு போன் போட்டான். "அக்கா... ரூமு தெறந்தா கெடக்கு?"

"இல்லியே, பூட்டித்தான் கீது" என்றாள் அவள். படியேறும் மூச்சுச் சத்தம். "இன்னாப்பா, பூட்டை மாத்திட்டியா? செவப்பா ஒண்ணு புதுசா தொங்குது. பேரு எழுதிக்கீது. இரு... சு... சுடலைக்கண்ணு. யாருப்பா அது?"

அன்றைக்கு இரவு அவர்கள் இரண்டு பேரும் ரூமுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. லேப்டாப் உள்ளேதான் இருக்கிறது. வளைகாப்புக்குப் பலராமன் வேறு வளையல் வாங்கிக்கொண்டு போனார். பிரஸ் ஷாப்பில் இப்போது கான்ட்ராக்ட் பையன்களுக்கும் ஆளுக்கொரு பூட்டு உண்டு, தமிழ்வாணன் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். மாரி தினமும் பட்டனில் கை வைப்பதற்கு முன்னால் மெஷினுக்குள் குனிந்து பார்க்கிறான். அங்கே இப்போது யாரும் இல்லை.

பாப்பம்மாள் அந்த மாடி ரூமை இன்னும் வாடகைக்கு விடவில்லை. பூட்டை உடைக்கலாம் என்று இரண்டு முறை ஆள் கூட்டி வந்தாள். இரண்டு முறையும் கம்பெனிப் பையன்கள் ஓடிப் போய்த் தடுத்துவிட்டார்கள். சிவப்புப் பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.